மேலே நிற்பது யார் மகள்?

அமெரிக்காவில் ஊர்ப் பிள்ளைகள் பொழுதுபோக்காகச் சேரும் சியர்லீடிங் (ஆட்டக்காரர்களை உற்சாகப்படுத்தும் சாகச ஆட்டம்) குழுவுக்குப் பெரும்பாலும் தேர்வு கிடையாது. பணம் கட்டிப் பெயர் கொடுத்தால் போதும். பயிற்சியாளருக்குப் பல இடங்களில் சம்பளமும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவரை அதட்டப் பெற்றோர் எல்லாருக்கும் உரிமை இருக்கிறது.

சண்டை முழுக்க, ஒருத்தியை மற்றவர்கள் தூக்கி நிறுத்தும் வித்தையில் ஓரிடத்துக்காகத்தான். கீழே நின்று தாங்குபவள் ‘பேஸ்’. பின்னால் நின்று, விழுகிறவளின் தலையையும் கழுத்தையும் காப்பவள் ‘பேக் ஸ்பாட்’. மேலே நின்று சிரிப்பவள் ‘ஃப்ளையர்’. ஒருத்தியைத் தூக்க மூன்று நான்கு பேர் வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் புரிகிறது. பெற்றோர் கணக்கில் எல்லாரும் மேலேதான். “என் மகள் சோபாவிலிருந்து அருமையாகக் குதிப்பாள்” என்று சிபாரிசு வரும். சரி, தாங்குவது யார்? விரல் அடுத்தவர் மகளை நோக்கி நீளும்.

பயிற்சியாளர்கள் பலர் வைத்திருக்கும் மருந்து 24 மணி நேர விதி: கோபமா, ஒரு நாள் கழித்துப் பேசுங்கள். சிலருக்கு அதற்குள் ஆறிவிடுகிறது. சிலர் அதற்குள் ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள்.

இதெல்லாம் மிகை என்பவர்களுக்கு டெக்சாஸின் சேனல்வியூ இருக்கிறது. சியர்லீடிங்கில் மகளின் போட்டியாளருடைய தாயைக் கொல்ல ஆள் தேடியதாக 1991-இல் அங்கே ஒரு தாய் கைதானார். தாய் போனால் அந்தப் பெண் மனமுடைந்து போட்டியிலிருந்து விலகுவாள் என்பது திட்டமாம். 1993-இல் அது தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. அதோடு ஒப்பிட்டால், தலை ரிப்பனின் அகலம் பற்றிப் பெற்றோரிடமிருந்து நள்ளிரவில் வரும் குறுஞ்செய்தி எவ்வளவு நாகரிகமானது!