மீனை வாங்கு, வாயை மூடு

சிங்கப்பூரில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்த என் மச்சானுக்கு ஒரு வியாதி. எதைச் சாப்பிடக் கொடுத்தாலும், "லாவ் பா சாட்டுல..." என்று ஆரம்பித்துவிடுவார். 1894இல் கட்டிய அங்காடியாம், எட்டு மூலைக் கட்டடமாம், இரும்புத் தூண்களெல்லாம் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தவையாம். "ஒரே கூரைக்குக் கீழ உலகத்துச் சாப்பாடு. உங்க தர்மபுரியில சரித்திரத்தோட சாப்பிட ஒரு இடம் உண்டா?"

எங்கள் ஊர்ச் சாப்பாட்டுச் சரித்திரம் ஒரு நெல்லிக்கனியோடு முடிந்துவிட்டது. கிடைத்த அந்த ஒன்றையும் அதியமான் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்துவிட்டார். இதைச் சொன்னால் மச்சான் விடுவாரா? பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போனேன்.

ஒகேனக்கல்லில் இறங்கினதும் சாப்பிடப் போகிறவன் விவரம் தெரியாதவன். முதலில் எண்ணெய். மச்சானைப் பாறையில் குப்புறப் போட்டு ஒருவர் முதுகில் படார் படாரென்று சாத்தினார். கழுத்தைப் பிடித்து அவர் ஒரு திருப்பு திருப்பியபோது கேட்ட சத்தத்தில் பக்கத்துப் பாறைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு அருவி. அங்கே நிற்கிறவன் தலையில் ஆறே இறங்கும். வெளியே வந்த மச்சானுக்குக் கண் சிவந்திருந்தது, பேச்சு குறைந்திருந்தது, பசி மட்டும் நாலு ஆள் பசி. இந்தப் பசியோடு எவனாலும் மீன் பேரம் பேச முடியாது. ஏற்பாட்டின் சூட்சுமமே அதுதான்.

ஆனாலும் மீன் கடையில், "சுத்தமான காவிரி மீன்தான் வேணும்" என்று நின்றார். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் பூர்வீகம் கங்கைப் பக்கம். ஜிலேபி மீனுக்கு ஆப்பிரிக்கா, 1952இல்தான் இந்தியாவுக்கே வந்தது. "மச்சான், உலகமே இங்க ஒரு தட்டுல கெடக்கு" என்றேன். இரண்டு கிலோ கட்லா வாங்கினார்.

மீனை நாம் வாங்க வேண்டும். சமைத்துக் கொடுக்க அக்காக்கள் இருக்கிறார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எங்களுக்கு வாய்த்த அக்காவின் அங்காடிக்குக் கூரை தகரம், தூண் சவுக்குக் கட்டை. கிளாஸ்கோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மச்சான் அடுப்பருகே குந்தி மேற்பார்வையைத் தொடங்கினார்.

"காரம் கம்மியா போடுங்க."

"சரிங்ண்ணா." மிளகாய்த்தூள் ஒரு கை விழுந்தது.

"எண்ணெய் ரொம்ப வேணாம்."

"சரிங்ண்ணா." பாட்டில் பாதி காலி.

துண்டுகளில் கத்தியால் கீறல் போட்டு, உப்பும் மஞ்சளும் மசாலாவும் கலந்த விழுதைக் கட்டை விரலால் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் அழுத்தினார் அக்கா. கொஞ்ச நேரம் முன்பு மச்சானுக்கு நடந்ததேதான். ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும் வரை கல்லில் கிடந்ததைத் தொடவில்லை. "திருப்பலாமே" என்றார் மச்சான். அக்கா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஒடஞ்சிடும்ணா. நீங்க போயி எலைய கழுவுங்க."

மச்சான் போய் இலையைக் கழுவினார். எட்டு வருட சிங்கப்பூர் அந்த இடத்தில் முடிந்தது.

வறுவலும், புளி தூக்கலாக ஒரு குழம்பும், சோறும். விறகுப் புகை மணம் மீனின் தோல் வரை இறங்கியிருந்தது. மூக்கில் தண்ணீர் வடிய வடிய மச்சான் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். கட்லா முள்ளைப் பார்த்துத் தின்பவனுக்குப் பேச நேரமும் இருக்காது. லாவ் பா சாட் மறுபடி வாயில் வந்தது பென்னாகரம் தாண்டித்தான். அதுவும், "அங்கயும் மீனு நல்லாத்தான் இருக்கும்" என்று, கொஞ்சம் சுருதி இறங்கி.

போகிறவர்களுக்கு ஒன்று. காவிரியில் வரத்து கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்; பேப்பர் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய வேட்டியாக ஒன்று எடுத்துப் போங்கள். அந்த எண்ணெய்க் கறை போகவே போகாது.