கூட்டினால் எட்டு

ராஜுலா கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கியவர்களுக்கு வாடகை வீடு தேடும் தொல்லை இருந்ததில்லை. டெக் பயணிகளை முதலில் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைப்பார்கள், கடற்காற்று இலவசம். நோய்நொடி எதுவும் இல்லை என்று தெரிந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் லயத்தில் ஓர் அறை காத்திருக்கும். வாடகை கிடையாது, ஆளையே எடுத்துக்கொள்வார்கள். வட்டித்தொழில் செய்ய வந்த நகரத்தாருக்கு பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி. ஆளுக்கொரு பெட்டி, பக்கத்தில் ஒரு பாய். பகலில் ஆபீஸ், ராத்திரியில் வீடு. லிஃப்ட் உண்டா, கார் பார்க்கிங் உண்டா என்று அவர்கள் யாரும் கேட்டதாகச் செய்தி இல்லை.

நான் வந்தது விமானத்தில். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானம் விட்டுவிட்டார்கள். நாலு மணி நேரத்தில் கொண்டுவந்து தள்ளிவிட்டு, "இனி உன் சமர்த்து" என்று அது திரும்பிப் போய்விடும். வேலை ஜார்ஜ்டவுனில். பினாங்குத் தீவில் வாடகை என்ன என்று விசாரித்த கையோடு நானும் மனைவியும் அக்கரையைப் பார்க்க ஆரம்பித்தோம். அக்கரையில் இருப்பது பட்டர்வொர்த். கன்டெய்னர் துறைமுகம், ரயில் நிலையம், படகுத்துறை, இவற்றுக்கெல்லாம் கூப்பிடு தூரத்தில் பாகான் டாலாம். மாரியம்மன் கோவில் இருக்கிறது, தெருவில் தமிழ் காதில் விழுகிறது, வாடகை கையைக் கடிக்கவில்லை. வேறென்ன வேண்டும்?

வீட்டுக்காரர் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

இங்கே வீடு பார்ப்பது முழுக்க வாட்ஸ்அப்பில். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஏஜென்டுக்குச் செய்தி அனுப்பினால், முதல் கேள்வி வேலையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ இருக்காது. "யூ வாட் ரேஸ்?" இந்தியன் என்றதும், "சாரி லா, ஓனர் சைனீஸ் ஒன்லி." கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று. சமையல் வாசனை சுவரில் ஏறிவிடுமாம். ஒரு வகையில் கருணைதான் இது. சென்னையில் ஒரு வீட்டுக்காரர் நாங்கள் வீட்டில் முட்டை அவிப்போமா என்பதை நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டு, கோத்திரம், குலதெய்வம், மாமனார் ஊர் என்று ஒரு மாதம் சுற்றி வளைத்து, கடைசியில் மச்சினர் வருகிறார் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இங்கே அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

எனக்கு இதில் சிரிப்பு வந்தது உண்மை. கையில் வேறு நாட்டு பாஸ்போர்ட் இருப்பவனுக்குச் சிரிப்பு வரும். நாலு தலைமுறையாக இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் இதே செய்தி, இதே பொம்மையோடுதான் போகிறது. அவரிடம் போய் என் நகைச்சுவையைச் சொல்லிக் காட்டும் தைரியம் எனக்கு இல்லை.

கடைசியில் கிடைத்தவர் தமிழர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கிள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நாங்களும் கூப்பிட்டோம். சீன ஓனர்கள் ஒரே கேள்வியில் முடித்ததை இவர் ஒரு சாயங்காலம் முழுக்க விசாரித்தார்.

"ஊர்ல எந்தப் பக்கம் தம்பி?"

"லால்குடி அங்கிள்."

"அட! எங்க தாத்தா முசிறி லா!" நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். முசிறியை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அங்கே பத்து ஏக்கர் வைத்திருப்பவர் மாதிரி, "காவேரியில தண்ணி வருதா?" என்று கவலையோடு கேட்டார். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் வரும் என்றேன். நிம்மதியானார். அடுத்து, "கவிச்சி சமைப்பீங்களா?" சென்னையில் இந்தக் கேள்விக்குச் சரியான விடை "இல்லை" என்பதுதான். இங்கே எது சரி என்று பிடிபடாமல், "அளவா" என்று வைத்தேன். "மீன் கழுவுன தண்ணிய சிங்க்ல மட்டும் ஊத்திடாதீங்க, அடைச்சுக்கும்" என்றார். அவ்வளவுதான் தேர்வு. பாஸ்.

வாடகை 850 வெள்ளி, அதாவது ரிங்கிட். இரண்டு மாத டெபாசிட், கரண்டுக்கும் தண்ணீருக்கும் அரை மாதம், முதல் மாத வாடகை, ஆக மூன்றரை மாதம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைக் கைக்கு இது ஆடித் தள்ளுபடி. 2019-இல் அமலுக்கு வந்த நம்மூர் வாடகைச் சட்டமும் பொதுவாக மூன்று மாதம்தான் என்கிறது. வீட்டுக்காரர்கள் அதை இன்னும் படித்து முடிக்கவில்லை.

வீட்டு எண்ணை அம்மாவிடம் சொன்னபோதுதான் அடுத்த கண்டம். வீடு இருப்பது நான்காவது மாடியில். ஆனால் லிஃப்டில் 4 கிடையாது. 3-க்கு அடுத்த பொத்தான் 3ஏ. சீனர்களுக்கு நான்கு என்றாலே சாவு ஞாபகம். கதவு எண் 17.

"ஒண்ணும் ஏழும் எட்டு! சனிடா! வேற வீடே கிடைக்கலையா?"

சீனர்களுக்கு எட்டுதான் மகாலட்சுமி என்றும், எட்டாம் எண்ணுள்ள கார் பலகைக்கு ஏலத்தில் அடித்துக்கொள்கிறார்கள் என்றும் எடுத்துச் சொன்னேன். அம்மா மசியவில்லை. கொஞ்ச நேரம் மறுமுனையில் பேனா ஓடும் சத்தம். பிறகு, "ஏ-க்கு ஒண்ணு. மூணும் ஒண்ணும் நாலு. பதினேழுக்கு எட்டு. மொத்தம் பன்னெண்டு, கூட்டினா மூணு. குரு! சரி, எடுத்துக்கோ." சீனர்கள் எந்த நாலுக்குப் பயந்து ஏ என்று மாற்றினார்களோ, அதே நாலைக் கண்டுபிடித்துத்தான் அம்மா எங்களைக் குடிவைத்தார்.

சாவிக்கொத்தைக் கொடுத்தார் அங்கிள். இரும்பு கிரில்லுக்கு ஒன்று, அதன் பூட்டுக்கு ஒன்று, மரக்கதவுக்கு ஒன்று, தபால் பெட்டிக்கு ஒன்று. கொத்தை இடுப்பில் செருகியதும் மனைவிக்கு ஜமீன் களை வந்துவிட்டது. கழிவறையில் கைக்குழாய் இருந்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அமெரிக்காவில் சொம்போடு திண்டாடும் என் தம்பி மலேசியாவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். கேஸ் சிலிண்டருக்கு ரேஷன் கார்டு, ஆதார் எதுவும் கேட்கவில்லை. கடைக்கு ஒரு போன், அரை மணியில் தோளில் வந்து இறங்கியது. 14 கிலோ, அரசாங்க விலை 26 வெள்ளி 60 காசு. "நம்மூர்ல 14.2 கிலோ. இருநூறு கிராம் கம்மி" என்றாள் மனைவி. இத்தனை சுலபமாகக் கிடைத்ததில் ஏதோ ஏமாற்று இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

பால் காய்ச்சும் நாள். காகித டப்பாவைக் கத்தரித்துப் பாலைப் புதுப் பாத்திரத்தில் ஊற்றி, கிழக்கு எது என்று போனில் பார்த்து, அடுப்பைப் பற்றவைத்தாயிற்று. அங்கிளும் ஆண்டியும் பட்டுடுத்தி வந்திருந்தார்கள். எதிர்வீட்டுச் சீன மூதாட்டியும் அழைப்பை ஏற்று வந்து கைகட்டி நின்றார். காலையிலும் மாலையிலும் தன் வாசல் சுவரிலிருக்கும் சிவப்புத் தகரப் பெட்டியில் ஊதுபத்தி செருகிக் கும்பிடுபவர், எங்கள் பிள்ளையாரையும் மரியாதையாகப் பார்த்தார். பால் நுரைத்தது, விளிம்பு வரை ஏறியது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்களே என்று பதறிப்போன பாட்டி, ஓடிவந்து படக்கென்று அடுப்பை அணைத்துவிட்டார். நுரை பெருமூச்சு விட்டாற்போல் உள்ளே போய்விட்டது. "நல்ல வேளை" என்ற திருப்தியோடு எங்களைப் பார்த்தார் அவர். மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

அங்கிள் மலாயில் விளக்கினார். பாட்டிக்கு ஆச்சரியம். வேண்டுமென்றே பாலை வழியவிட்டு, பிறகு அடுப்பைத் துடைப்பதா? அடுப்பை மறுபடி பற்றவைத்தோம். இந்த முறை அவரே "பொங்கு, பொங்கு" என்று கையை ஆட்டி உற்சாகப்படுத்தினார். மறுநாள் ஒரு அன்னாசிப்பழத்தோடு வந்து, எங்கள் வாசலிலிருந்து கூடத்துக்குள் அதை உருட்டிவிட்டார். புதுவீட்டுக்குள் செல்வம் உருண்டு வருவதாக அவர்கள் ஐதீகம். செல்வம் சோபாவுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தெடுத்து ரசம் வைத்தோம்.

ஆபீசுக்குப் படகில் போகிறேன். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் இருக்கிறதுதான். ஆனால் காலை நெரிசலில் அதில் நிற்பவர்களைப் பார்த்தால், இரண்டு வெள்ளி டிக்கெட்டில் அரட்டை அடித்தபடி கடலைத் தாண்டுவதே புத்திசாலித்தனம். போனில் ஃபெர்ரி என்பதற்குக் கப்பல் என்று வாய்தவறிவிட்டது. அம்மா லால்குடியில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மாமா மகன் தன் பயோடேட்டாவை அனுப்பியிருக்கிறான், கப்பலில் எந்த வேலையானாலும் பரவாயில்லையாம்.

ஒப்பந்தம் முடியும் மாதம் அங்கிள் வந்தார். தே தாரிக் குடித்து முடித்து, காவேரியை விசாரித்துவிட்டு, "வழக்கமா நூறு வெள்ளி ஏத்துவேன் தம்பி. நம்ம முசிறிப் பக்கம்னு நாப்பதோட விட்டேன். 890 குடுங்க" என்றார். ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். மறுபடி பேனா. "எட்டும் ஒம்போதும் பதினேழு. எட்டு வருதேடா! பத்து வெள்ளி குறைக்கச் சொல்லு."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாளே அங்கிளிடம் போய், வாடகையைக் கூட்டினால் சனி வருகிறது என்று பயபக்தியோடு விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். விரல்விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"ஆமா தம்பி, எட்டு நமக்கு ஆகாது. தொள்ளாயிரமா குடுத்துடுங்க. ஒம்போது செவ்வாய், முருகனுக்கு உகந்தது."