மட்டைத் தேர்வியல்: கோலா கங்சாரை முன்வைத்து ஓர் ஆய்வு

கிரிக்கெட் மட்டை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் வில்லோ மரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இங்கிலாந்து வில்லோதான் உசத்தியா, காஷ்மீர் வில்லோ போதாதா, முகத்தில் எத்தனை ரேகை ஓட வேண்டும் என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். கைப்பிடியைப் பற்றிக் கேட்டால், "அது கிடக்கு விடுங்க" என்பார்கள். இந்த ஓரவஞ்சனையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். மட்டையில் ஆட்டக்காரன் கைபடும் இடமெல்லாம் எங்கள் மலேசியப் பக்கத்துச் சரக்கு என்பது நமது கருதுகோள்.

முதல் சான்று கித்தா, அதாவது ரப்பர். பிரேசில் விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் சிங்கப்பூர் வந்திறங்கிய கன்றுகள் 22. அவற்றில் 9 கன்றுகள் கோலா கங்சாரில், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் இல்லத்துத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் ஊருக்குள் வேலி போட்டுக் காக்கப்படுகிறது. மட்டைப்பிடியின் ரப்பர் உறையும், உள்ளே பிரம்புத் துண்டுகளுக்கு இடையில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் பட்டையும் அந்த வம்சமே. (செயற்கை ரப்பர் என்று ஒன்று உண்டே என்று கேட்பவர்கள் ஆய்வின் போக்கைக் கெடுக்கிறார்கள்.)

இரண்டாம் சான்று பிரம்பு. ஒரே கட்டையில் செதுக்கிய பழைய மட்டை, பந்து பட்ட அதிர்ச்சியை அப்படியே மணிக்கட்டில் இறக்கியது. நாட்டிங்காம்காரரான தாமஸ் நிக்சன் 1853 வாக்கில் பிரம்புக் கைப்பிடியைக் கொண்டுவந்த பிறகே மனிதக் கைகள் உருப்பட்டன. அந்தப் பிரம்பு விளைவது மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில். மீரட்டிலும் ஜலந்தரிலும் செய்யும் மட்டைகளுக்குச் 'சிங்கப்பூர் பிரம்பு' என்று விளம்பரம் செய்கிறார்கள். சிங்கப்பூரில் பிரம்பங்காடு ஏது? கப்பலேறிய துறைமுகம் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. இதே பிரம்பு பள்ளிக்கூடத்தில் ரோத்தானாகவும் நம் கைக்கு அறிமுகமானது. அங்கே மட்டும் அதிர்வை வாங்க ரப்பர் பட்டை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இனி தேர்வு. அளவு சொல்லிச் செய்விக்கும்போது எடை, பிடியின் வடிவம், நடுப்பகுதி எங்கே என்று மூன்றையும் கேட்பார்கள். எடை விஷயத்தில் டெண்டுல்கரைப் பார்த்து மூன்று பவுண்டுக்கு மேல் கேட்டவர்களின் தோள்கள் தனி ஆய்வுக்குரியவை. பந்தை நன்றாக விரட்டும் அந்த நடுப்பகுதிதான் முக்கியம். பெர்த் போலப் பந்து நெஞ்சுக்கு எழும்பும் ஊரில் அது மேலே இருக்க வேண்டும். கோலா கங்சாரில் மாலை மழை ஊறிய திடலில் பந்து கணுக்காலைத் தாண்டினாலே அதிசயம். ஆகவே நடுப்பகுதி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு நல்லது.

இந்த உண்மையைத் தோட்டத்துப் பிள்ளைகள் காசில்லாமலே கண்டிருந்தார்கள். 'கிழக்கின் ஈட்டன்' எனப்படும் மலாய்க் கல்லூரி 1905 முதல் இதே ஊரில் இருக்கிறது; நம் ஆய்வுக்களம் அதுவன்று, தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இருக்கும் தென்னை. (லயத்தில் கால்பந்துக்கே முதல் மரியாதை. கிரிக்கெட் சில்லறை ஆட்டம்தான்.) விழுந்த தென்னை மட்டையின் ஓலையைக் கழித்து, பாராங் கத்தியால் காம்பை இரண்டு கை பிடிக்குமளவு சீவினால் வேலை முடிந்தது. மரத்தோடு ஒட்டியிருந்த அகன்ற அடிப்பகுதிதான் பந்தைச் சந்திக்கும் முகம். கனமெல்லாம் நுனியில், நடுப்பகுதி தரையோடு தரையாக. பச்சை மட்டை கை கடுக்கும். காய்ந்தது இரண்டு ஓவரில் நார் நாராகப் பிரியும். ஒரு பக்கம் குழிவு, மறுபக்கம் குவிவு. குழிந்த பக்கத்தில் வாங்கினால் பந்து தலைக்கு மேல் போகும். குவிந்த பக்கத்தில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று அடித்தவனுக்கே தெரியாது. பந்து ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றிய உருண்டை என்பதால் அதற்கும் தெரியாது.

இப்படி ஆட்டத்துக்கென்றே அமைந்த மட்டையைச் சட்டம் ஏற்குமா? அகலம் 10.8 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. 1771இல் செர்ட்சி ஆட்டத்தில் தாமஸ் ஒயிட் என்பவர் ஸ்டம்பையே மறைக்கும் அகலத்தில் மட்டை கொண்டுவந்ததன் விளைவு அது. அதைக்கூடச் சீவிச் சரிசெய்யலாம். ஆனால் அடிக்கும் பகுதி முழுக்க மரமாக மட்டுமே இருக்க வேண்டுமாம். 1979இல் பெர்த்தில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கிக் கிளப்பிய கலாட்டாவுக்குப் பின் வந்த கெடுபிடி. தென்னை மட்டை மரமாகாது, ஆகவே தகுதியில்லை. பிடியில் மட்டும் பிரம்பு இருக்கலாமாம். பிரம்பும் தென்னையும் ஒரே பனைக் குடும்பம், தாவரவியல் சொல்கிறது. ஒரு பங்காளிக்கு லார்ட்ஸ் மைதானத்தில் ராஜமரியாதை, இன்னொருவருக்கு லயத்துக் கொல்லை. இந்த அநியாயத்தைச் சட்டம் இயற்றும் எம்.சி.சி. விளக்க வேண்டும்.

கித்தாவை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்களில் மூலப்பொருள் மாறிவிட்டது. செம்பனையும் அதே குடும்பம்தான், மட்டைக்கும் பஞ்சமில்லை. ஆனால் காம்பின் இரண்டு ஓரத்திலும் முள். அந்த மட்டை எடுத்தவனுக்கு ஏற்ற ஆட்டம் ஒன்றே ஒன்று: எந்தப் பந்து வந்தாலும் தொடாமல் கீப்பருக்கு விட்டுவிடுவது.