கை படாமல் செயல்வழிக் கணக்கு நடத்துவது எப்படி?

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுக்கிற டீச்சர்மாருக்கும் சார்மாருக்கும் இந்தக் குறிப்புகள். பிள்ளைகள் பொருளைத் தொட்டு, எண்ணி, பிரித்து, சேர்த்துக் கணக்குப் படிக்க வேண்டும் என்கிறார்கள். படிக்கட்டும். பொருள் கசங்காமல், வகுப்பு கலையாமல் படிக்க வைப்பதில்தான் நம் சாமர்த்தியம் இருக்கிறது.

முதல் வேலை கணிதப் பெட்டி. பெட்டி வந்த அன்றே திறந்து மணிச்சட்டம், கனசதுரம், பகடை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணி இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பொருளைக் கையால் தொட்டு எண்ணிய ஒரே ஆள் என்ற பெருமை உங்களுக்கு நிலைக்கட்டும். பிறகு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒரு கனசதுரம் தொலைந்தால் தணிக்கையில் கேட்பார்கள். ஒரு பிள்ளைக்குக் கழித்தல் வராவிட்டால் எந்தத் தணிக்கையிலும் கேட்க மாட்டார்கள்.

பார்வையிட ஆள் வருகிற நாளில் பெட்டியை இறக்கலாம். நன்றாகப் படிக்கிற நாலு பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து, மணிச்சட்டத்தின் மேல் விரலை வைக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நகரக் கூடாது, படம் கலங்கிவிடும்.

இந்தத் தொல்லை நேற்று முளைத்ததல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாடு முழுக்கப் பரப்பினார்கள். ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியிலிருந்து வந்த யோசனை அது. டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார வேண்டும். பிள்ளைகள் எட்டி எழுதுகிற உயரத்தில் சுவரோரம் கரும்பலகை. அவர்கள் செய்ததைத் தொங்கவிட மேலே கம்பிப் பந்தல். (அந்தத் தாழ்ந்த கரும்பலகை அருமையான ஏற்பாடு. இந்தக் கட்டுரையின் நோக்கத்துக்கு அது விரோதம் என்பதால் மேலே பேசவில்லை.) பிறகு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பாடம் நடத்தச் சொன்னது. நீங்கள் பதறவேண்டாம். பதிவேட்டில் திட்டத்தின் பெயரை மாற்றினால் போதும், பூட்டு பழையதே இருக்கலாம்.

பெட்டியைப் பூட்டிவிடலாம், புளியங்கொட்டையை எப்படிப் பூட்டுவது? இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். மரத்தடியில் இரண்டு பிள்ளைகள் பல்லாங்குழி ஆடினால் உடனே கலைத்துவிடுங்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி. குழிக்கு ஐந்து போட்டால் 70 கொட்டை. எந்தக் குழியை அள்ளினால் வெற்றுக் குழிக்கு முன்னால் போய் முடியும், அதைத் தாண்டிய குழியில் எத்தனை கிடைக்கும் என்று ஆறு வயதுப் பிள்ளை அள்ளுவதற்கு முன்பே கண்ணால் கணக்குப் போடுகிறது. ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் எண்ணிப் பார்க்காமலே ‘பசு’ என்று எடுத்துக்கொள்கிறது. எண்ணாமலே நாலை நாலென்று காண்பது கணக்கின் முதல் படி. அதைப் பாடப்புத்தகம் இல்லாமல் மரத்தடியிலேயே ஏறிவிட்டால் நமக்கு என்ன மரியாதை?

இன்னொரு ஆபத்து ஸ்விட்சர்லாந்திலிருந்து வருகிறது. ஏழு கொட்டைகளை நெருக்கி ஒரு வரிசையாகவும், அதற்குக் கீழே ஏழைப் பரத்தி இன்னொரு வரிசையாகவும் வைத்து எதில் அதிகம் என்று கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளை பரத்திய வரிசையைக் காட்டும் என்று உளவியலாளர் ழான் பியாஜே எழுதிவைத்தார். செய்து பார்க்காதீர்கள். பிள்ளை தானே நெருக்கி, பரத்தி, ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்து, “ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்” என்று சொல்கிறவரை நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்கவேண்டி வரும். அது நம்மால் ஆகிற காரியமா? இரண்டிலும் ஏழுதான் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மறந்துவிட்டால் அடுத்த வாரமும் சொல்லலாம், அதற்கடுத்த வாரமும் சொல்லலாம்.

நூற்றுப் பதினேழை எழுதச் சொன்னால் 10017 என்று எழுதுகிற பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். காதில் விழுந்தபடி நூறை எழுதி, பக்கத்தில் பதினேழையும் எழுதியிருக்கிறது. அதன் நியாயத்தில் தப்பில்லை. பத்துப் பத்து ஈர்க்குச்சியாக ரப்பர் வளையம் போட்டு, பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாக்கி, ஒரு பெரிய கட்டு, ஒரு சின்னக் கட்டு, ஏழு உதிரி என்று அதன் கையாலேயே அடுக்கவைத்தால் தவறு தானாகத் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு வாரம் ஆகும். சிவப்பு மையில் சுழிக்க ஒரு நொடி போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு அம்மா பீடி சுற்றுகிறவர். கட்டுக் கட்டாக அடுக்கி ஆயிரம் சேர்ந்தால்தான் கூலி என்பதைத் திண்ணையில் பார்த்தே வளர்கிற பிள்ளை அது. அந்த அறிவு வகுப்புக்குள் வராதபடி செருப்போடு வெளியே விட்டுவரச் சொல்லுங்கள்.

சுற்றுலா போனால் பழைய குற்றாலம், புலியருவி என்று எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போங்கள். ஐந்தருவிக்கு மட்டும் வேண்டாம். சாரல் நாளில் ஐந்தும் தனித்தனியாகத் தெரியும், ஐந்து வரை எண்ணிவிட்டு வந்துவிடலாம். தண்ணீர் பெருகிவிட்டால் கிளைகள் ஒன்றோடொன்று கலந்து, “இப்ப எத்தனை சார்?” என்ற கேள்வி வரும். கோடையில் வறண்ட பாறையைக் காட்டினால் பூஜ்யத்தையே விளக்கவேண்டியதாகிவிடும்.

கடைசியாகப் பலாப்பழம். குற்றாலநாதர் கோயிலின் தலமரமே குறும்பலா. ஞானசம்பந்தர் அதற்கென்று தனிப் பதிகம் பாடியிருக்கிறார். காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 105 என்றால் சுளை 126. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் ஆபத்தில்லை. பழத்தையே வகுப்புக்குக் கொண்டுவந்தால் தொலைந்தீர்கள். பிள்ளைகள் முள்ளை எண்ணும், ஆளுக்கொரு விடை வரும், மறுபடி எண்ணும். அறுத்துப் பார்த்தால் விதி சொன்னது ஒன்றாகவும் பழத்தில் இருப்பது ஒன்றாகவும் இருக்கக் கூடும். ஏட்டில் உள்ளதைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஏழு வயதில் வந்துவிட்டால் பிறகு எந்த வாத்தியாரும் அதை எடுக்க முடியாது. போதாததற்கு, முப்பது பேருக்கு 126 சுளையைப் பங்கிட்டால் ஆளுக்கு நாலு போக ஆறு மிஞ்சும். அந்த ஆறை என்ன செய்வதென்று முடிவாவதற்குள் கடைசி மணி அடித்துவிடும்.

இவ்வளவு சொல்லியும் யாராவது ஒரு டீச்சர் அரிவாள்மணையும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயுமாக வகுப்புக்குள் நுழைந்தால், அவரைத் தடுக்க என்னிடம் யோசனை எதுவும் இல்லை.