டஸ்டர் மாமா

கோயம்புத்தூரில் எங்கள் வீதிக்கு வந்து டஸ்டர் மாமா வீடு எது என்று கேட்டால் சின்னப் பையன்கூடக் காட்டிவிடுவான். வீட்டு முன்னால் நிற்பது என்னவோ பழைய வேகன் ஆர். புதிதாகக் குடிவந்தவர்கள் குழம்பிப்போய், "டஸ்டர் எங்கீங்க?" என்று கேட்பார்கள். "பாத்துட்டிருக்கறனுங்க" என்பார். பல வருஷமாக இந்தப் பதில் மாறவில்லை. கேட்டவர்கள்தான் வீடு காலி செய்துகொண்டு போகிறார்கள்.

ஊருக்கு ஊர் இந்த வகையறா உண்டு. ஒருவர் எண்டேவர் பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் பழைய சஃபாரி, மூன்றாமவர் எக்ஸ்யூவி 500. வண்டி எதுவானாலும் நிபந்தனை இரண்டுதான். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தியிருக்க வேண்டும். இவர் அதை வாங்காமல் இருக்க வேண்டும்.

ரெனோ டஸ்டர் 2012 ஜூலையில் வந்தது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் செய்த வண்டி. ஆரம்ப விலை 7 லட்சத்து 19 ஆயிரம். அந்த விலைக்கு அவ்வளவு உயரமான வண்டியை நடுத்தரக் குடும்பம் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த ஆண்டே 'இந்தியன் கார் ஆஃப் தி இயர்' விருதும் வாங்கியது. மாமா அப்போதே ஷோரூமுக்குப் போய்ப் பார்த்தார். கையில் காசும் இருந்தது. "உள்ளாற பூரா பிளாஸ்டிக்குங்க" என்று திரும்பி வந்துவிட்டார். பக்கக் கண்ணாடியைத் திருப்புகிற குமிழை ஹேண்ட் பிரேக்குக்கு அடியில் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "பிரேக்கைத் தூக்குனாத்தானுங்க கையே நுழையுது. இவனெல்லாம் கார் செய்யறான்!"

2015-இல் கிரெட்டா வந்து டஸ்டரின் சந்தையை அள்ளிக்கொண்டு போனபோதும் அவர் அசையவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் டஸ்டரில் டீசல் நின்றது. 2022-இல் வண்டியே நின்றது. செய்தியைப் பேப்பரில் படித்த அன்று மாமா சாப்பிடவில்லை என்று அத்தை சொல்கிறார். மறுநாள் காலை நடைப்பயிற்சியில் என்னைப் பிடித்து நிறுத்தினார். "அந்தக் கண்ணாடிக் குமிழ் இருக்குது பாருங்க, அதை ஏன் ஹேண்ட் பிரேக்குக்கு அடியில வெச்சான்? வண்டி ஓடும்போது அதைத் தொடக் கூடாதுன்னுங்க. என்ன யோசனை பாருங்க பிரெஞ்சுக்காரனுக்கு!"

அன்று தொடங்கியதுதான் வேட்டை. மேட்டுப்பாளையம் ரோடு, சத்தி ரோடு, பொள்ளாச்சி ரோடு என்று எல்லாத் திசையிலும் பழைய கார் வாங்கி விற்கிற கன்சல்டிங்காரர்கள் நம்பரும் அவர் போனில் இருக்கிறது. வண்டி ஒன்று வந்திருப்பதாகத் தகவல் கிடைத்தால் முதல் நாள் ராத்திரியே போன் போட்டுவிடுவார். "காலைல நான் வர்ற வரைக்கும் சாவியத் தொடாதீங்க." ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த டீசல் இன்ஜின் காலையில் முதன்முதலாக எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் ஜாதகமே இருக்கிறது என்பது அவர் கட்சி. இதில் அவர் சொல்வது சரி. சூடான இன்ஜின் பொய் சொல்லும். ஆகவே, போனவுடன் முதல் காரியமாக பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் போச்சு. "ஏனுங்க, வெடியால எங்கயோ போய்ட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது?"

கன்சல்டிங்காரர் அசருகிற ஆளா? அவரிடமும் பாடம் செய்த வசனங்கள் உண்டு. "சிங்கிள் ஓனருங்க சார். டாக்டர் வண்டி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடிருக்குது. எடுத்தா ஒரு ரூபா வேலை இல்லைங்க, ஓட்டிட்டே இருக்கலாம்." தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதி டாக்டர் வண்டிதான். இத்தனை டாக்டர்களும் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது நமக்கெல்லாம் ஊசி போட்டது யார் என்று தெரியவில்லை.

மாமாவின் தோள்பையில் ஒரு டார்ச், திருநீற்றுப் பொட்டலம், மருமகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ஸ்கேனர், துணியில் சுற்றிய ஒரு காந்தம். காந்தத்தைக் கதவு கதவாக ஒட்டிக்கொண்டே வருவார். தகரம் என்றால் கப்பென்று பிடிக்கும். பட்டி போட்டுப் பெயின்ட் அடித்த இடத்தில் வழுக்கும். கதவின் ரப்பரை உரித்து, உள்ளே கம்பெனி அடித்த வெல்டிங் புள்ளிகள் வரிசை தப்பாமல் இருக்கின்றனவா என்று எண்ணுவார். பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் தேடுவார். ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியிலும் மூலையில் பொடி எழுத்தில் ஆண்டுக் குறி இருக்கும். ஐந்து கண்ணாடி ஒரு வருஷமும் ஆறாவது வேறு வருஷமுமாக இருந்துவிட்டால், அந்த ஒரு கண்ணாடிக்கு நடந்தது என்ன என்று விசாரணைக் கமிஷன் உட்காரும்.

டயரில் நான்கு இலக்க எண் உண்டு, முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டி, டயர் இரண்டாவது செட்டாக இருந்தால் மாமா முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதைப் பார்த்தால் கன்சல்டிங்காரர் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். அடுத்து பெடல். "நாப்பதாயிரம் ஓடுன வண்டில கிளட்ச் பெடல் ரப்பர் இப்படி மொட்டையா இருக்குதே? டாக்டருக்குக் கால்ல ஆணிங்களா?" மீட்டர் சுற்றிய வண்டி என்று நேராகச் சொல்ல மாட்டார். கொங்கு நாட்டு மரியாதை தடுக்கும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, கவிழ்த்து அதே துளையின் மேல் வைப்பார். மூடி பேசாமல் கிடந்தால் பிஸ்டன் ரிங்குகள் நலம். குதித்தாடினாலோ புகை குபுகுபுவென்று வந்தாலோ இன்ஜின் வேலை காத்திருக்கிறது. அந்த நேரத்தில் நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். யாரும் பேசக் கூடாது. டீ கொண்டுவருகிற பையன்கூட வாசலிலேயே நின்றுவிடுவான்.

டஸ்டரின் டீசல் இன்ஜினைப் பற்றி அவருக்கு ஒரு பிரசங்கமே உண்டு. 1461 சிசி, கே9கே. அதே இன்ஜின்தான் நிசான் சன்னி, மைக்ரா டீசல்களிலும், மஹிந்திரா வெரிட்டோ டீசலிலும் இருந்தது. டெரானோ என்பதோ முகம் மாற்றிய டஸ்டரேதான். ஐரோப்பாவில் பென்ஸ் கம்பெனியே தன் சின்ன கார்களில் இதைப் போட்டு விற்றது. அதனால் வண்டி நின்றுபோனாலும் இன்ஜின் சாமானுக்குப் பஞ்சமில்லை. ரெனோவும் ஊரைக் காலி செய்துவிடவில்லை, க்விட், டிரைபர் என்று விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஹெட்லைட்டும் பம்பரும் கதவின் உட்பக்கத் தகடும்தான் நாளாக ஆகக் கஷ்டம். முக்கியமானது டைமிங் பெல்ட். அது சங்கிலி இல்லை, ரப்பர். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜின் பழைய இரும்புக் கடைக்குப் போகும். "பெல்ட் மாத்தியாச்சுங்களா?" "போன வருசமே மாத்தியாச்சுங்க சார்." "பில்லு?" இந்தக் கேள்வியில் பல கன்சல்டிங்காரர்களுக்குத் திடீரென்று போன் வந்திருக்கிறது.

வண்டி எல்லாத் தேர்விலும் தேறிவிட்டால் என்ன ஆகும்? அப்போதுதான் மாமாவின் உண்மையான திறமை வெளிவரும். அந்த டீசல் இன்ஜினை 85 குதிரைத்திறன், 110 குதிரைத்திறன் என்று இரண்டு விதமாக விற்றார்கள். முன்னதற்கு ஐந்து கியர், பின்னதற்கு ஆறு. கன்சல்டிங்கில் நிற்பது 85 என்றால், "மலையேறும்போது பத்தாதுங்க, நூத்திப்பத்து வந்தாச் சொல்லுங்க" என்பார். 110 வந்து நின்றால், "டர்போ முழிச்சுக்கறதுக்குள்ள சிக்னல் போயிருதுங்க. டவுனுக்குள்ள எம்பத்தஞ்சுதானுங்க சொகம்." ஒருமுறை ஒரு கெட்டிக்காரக் கன்சல்டிங்காரர் இரண்டையும் அருகருகே நிறுத்திவைத்துவிட்டு, இன்று தப்ப முடியாது என்று கைகட்டி நின்றார். மாமா இரண்டையும் சுற்றி வந்தார். "நாலு சக்கரமும் இழுக்கறது இருக்குதுங்களா?"

அந்த நாலு சக்கர டஸ்டர் 2014-இல் வந்தது. பின்பக்க சஸ்பென்ஷனே வேறு. ஓடியவை கொஞ்சம். கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதாலேயே அதன் மேல் மாமாவுக்கு அலாதி மரியாதை. ஊட்டியில் ஒரு எஸ்டேட்காரர் வைத்திருந்த ஒன்று எப்படியோ விற்பனைக்கு வந்துவிட்டது. மாமாவுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் போன் செய்து சொன்னார்: "அதுக்கு ஸ்பேர் கெடைக்காதுங்க."

சென்னை நம்பர் வண்டி என்றால் தனி விசாரணை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிநுனியில் சேற்றுக் கறை தேடுவார். தரை விரிப்பைத் தூக்கி மூக்கை உள்ளே விடுவார். "2015 வெள்ளத்துல முங்குன வண்டிங்க இது." "இது 2017 மாடலுங்க சார்." கொஞ்சமும் தயங்காமல், "அப்ப மிக்ஜாம்" என்பார்.

டெல்லி வண்டி ஆசையும் ஒரு காலத்தில் இருந்தது. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்த பின் அங்கே விலை சரிந்தது. இங்கே கேட்கிற விலையில் பாதிக்கு அங்கே வண்டி. மாமா உட்கார்ந்து கணக்குப் போட்டார். என்ஓசி வாங்க வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், இங்கே லைஃப் டாக்ஸ் மறுபடி கட்ட வேண்டும், நம்பர் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸை மாற்ற வேண்டும். மிச்சம் என்ன என்று பார்த்தால் அலைச்சல்தான் மிச்சம். இருந்தாலும் அந்தக் கணக்கைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறார். கேட்டால் எடுத்துக் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.

ஓட்டிப் பார்ப்பதற்கு என்று ஒரு தடம் வைத்திருக்கிறார். வடவள்ளி வழியாக மருதமலை. மேடு வந்ததும் மூன்றாவது கியரிலேயே விட்டு இழுவை பார்ப்பார், பின்கண்ணாடியில் புகையின் நிறம் பார்ப்பார். கறுப்பு பரவாயில்லை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை நிற்காமல் வந்தால் ஹெட்டில் வேலை. மலைமேல் போனதும், இவ்வளவு தூரம் வந்துவிட்டு முருகனைப் பார்க்காமல் போவதா என்று இறங்கி அர்ச்சனை செய்வார். டீசல் விற்கிறவருடையது. ஒரு கிருத்திகையன்று அத்தையையும் சின்ன அத்தையையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு டெஸ்ட் டிரைவ் போனார். பின்னால் ஆள் உட்கார்ந்தால்தானே சஸ்பென்ஷன் தெரியும்?

அத்தை இதையெல்லாம் தடுப்பதில்லை. "வாங்கிப்போட்டா மாசா மாசம் செலவு. பாத்துட்டே இருந்தா டீச்செலவோட போவுதுங்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். எங்கள் வீதியில் பொருளாதாரம் தெரிந்த ஒரே ஆள்.

விலை பேசும் கட்டத்துக்கு மாமா வருவதே அபூர்வம். கன்சல்டிங்காரர் "நாலே முக்கா ரூபாய்க்கு முடிச்சுக்கலாமுங்க" என்று லட்சத்தை ரூபாயாக்கிச் சொல்வார். மாமா ஆர்சியை வாங்கி, பேங்க் அடமானம் நீக்கியிருக்கிறதா என்று பார்த்து, போனில் நம்பரைத் தட்டி அபராதப் பாக்கியைப் பார்த்து, அத்தனையும் சுத்தமாக இருந்தால் கொஞ்சம் சோர்ந்துபோவார். பிறகு சட்டைப்பையில் பேனாவைச் சொருகிக்கொண்டே சொல்வார்: "பாத்துச் சொல்றனுங்க."

இவ்வளவு படுத்தியும் கன்சல்டிங்காரர்கள் யாரும் அவரை விரட்டியதில்லை. நான்கூட அவர்கள் பொறுமையை மெச்சிக்கொண்டிருந்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் வண்டி வாங்கப் போகும்போது மாமாவைக் கூடவே அழைத்துப் போகிறார்கள். மாமா காந்தத்தை எடுத்து, மூடியைக் கவிழ்த்து, பெல்ட் பில்லைக் கேட்டு முடிப்பதற்குள் விற்கிறவர் நாற்பதாயிரம் இறங்கிவிடுகிறார். கூலி, ஒரு டீ, இரண்டு பஜ்ஜி. அதே வண்டியை அவர்கள் வேறொருவருக்கு விற்கும்போது, "டஸ்டர் மாமாவே பாத்துட்டு நல்லாருக்குதுன்னு சொன்ன வண்டிங்க" என்கிறார்கள். அப்படி எத்தனையோ டஸ்டர்கள் நல்ல வீடு போய்ச் சேர்ந்துவிட்டன.

2026 ஜனவரியில் ரெனோ புதிய டஸ்டரை இந்தியாவில் காட்டியது. டர்போ பெட்ரோல் உண்டு, டீசல் கிடையாது. வீதியே மாமா வீட்டுக்குப் போய்விட்டது. இனி அவருக்கு என்ன சாக்கு இருக்கிறது என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. மாமா மறுப்பேதும் சொல்லவில்லை. ஷோரூமில் வண்டி வந்ததும் தோள்பையோடு கிளம்பினார், நானும் போனேன். கழுத்துப் பட்டை கட்டிய பையன் திரையையும் கேமராவையும் விளக்கிக்கொண்டிருக்க, இவர் குத்தவைத்து டயர் எண்ணைப் படித்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத வண்டியின் கதவில் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். பையன் திகைத்துப்போய் மேனேஜரைப் பார்த்தான்.

"நல்ல வண்டிதானுங்க" என்றார் வெளியே வந்ததும்.

"அப்ப புக் பண்ணிடலாமுங்களா மாமா?"

"அவசரமென்னங்க? எப்படியும் ஒரு பத்து வருசத்துல இதையும் நிறுத்திருவான். அப்பப் பாத்துக்கலாமுங்க."