ரோலில்லாக் கேமரா: ஒரு நூற்பாவும் உரையும்

ரோலில் லாத கேமரா வாயினும்
காதரு கணைக்கக் கிளிக்கெனின் கொளலே.

இஃது என் சொல்லிற்றோ எனின், பழைய கேமரா வாங்குவோர் அதைப் படம் எடுப்பதற்காக வாங்குவதில்லை என்பது சொல்லிற்று. இதற்கு இலக்கியம், ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவிலிருந்து நடக்கும் தூரத்தில் பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன் மூன்றாலும் பிழைக்கும் ஒரு ஸ்டுடியோக்காரர். அகப்பொருளில் ஒருவரைப் பெயர் சுட்டுதல் மரபன்று. ஆதலின் அவர் தலைவன் என்றும் அவர் மனைவி தலைவி என்றுமே வழங்கப்படுவர்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், பல்லாவரம் சந்தை. பொழுது, வெள்ளிக்கிழமை காலை. அன்று தலைவன் கடைச் சாவியைப் பையனிடம் கொடுத்துவிட்டு அனகாபுத்தூர், பம்மல் வழியே ஸ்கூட்டரில் ஏகுவான். ஆங்கே தார்ப்பாயில் நின்றுபோன கடிகாரம், மூடியில்லாத மிக்ஸி ஜார், யாருடையதோ கல்யாண ஆல்பம் இவற்றினூடே கேமரா கிடக்கும். விற்பவர், "ஒர்க்கிங் கண்டிஷன் சார்" என்பார். எந்த கண்டிஷனில் இருந்தாலும் இதுவே சொல்வது சந்தை மரபு.

'காதருகு அணைக்க' என்றதனால் கண்ணால் நோக்கல் விலக்கப்பட்டது. தலைவன் வ்யூஃபைண்டரைப் பார்ப்பதே இல்லை. வேகத்தை 1 செகண்டில் வைத்து, காதோரம் கொண்டுபோய்த் தட்டுவான். உள்ளே பல்சக்கரம் கிர்ரென்று முனகி, உரிய நேரத்தில் மூடினால் பர்ஸ் திறக்கும். எண்ணெய் இறுகிப்போயிருந்தால் முனகல் நீளும், அல்லது ஷட்டர் திறந்தபடியே நின்றுவிடும். அப்போதும் பர்ஸ் திறக்கும், விலைதான் குறையும்.

அக்ஃபா கிளிக் III-க்கு இச்சோதனை இல்லை. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்து, நடுத்தரக் குடும்பங்களின் பீரோதோறும் நகைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட பெட்டி அது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். திருப்பதி மொட்டைக்கு நாலு, பிறந்தநாளுக்கு நாலு என்று பங்கிட்டு, மிச்சம் நாலும் தீர்கிறவரை ரோலைக் கழுவக் கொடுக்காத தந்தையர் வாழ்ந்த காலம்.

யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவே தலைவனுக்கு உயிர். அதன் கண்ணாடியில் உருவம் நேராக நிற்கும். ஆனால் இடம் வலமாகும். மணமகளின் மாமியாரை இடப்பக்கம் நகர்த்தக் கருதிய கற்றுக்குட்டிகள் வலப்பக்கம் தள்ளி, கல்யாண மேடைகளில் பகை வளர்த்தது இதனாலேயாம். குனிந்து பார்த்து எடுக்க வேண்டிய கேமரா என்பதால், அக்காலத்துப் போட்டோகிராபர் மணமக்கள் முன் தலைதாழ்ந்து நின்றார். இன்றைக்கு அவர் நிற்க, மணமக்கள் அவர் சொன்னபடி குனிகிறார்கள்.

'ரோலில்லாத' என்றது காலத்தின் கொடுமை. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் பிலிம் தந்தது. பின்னர் அந்த ஆலையும் மூடப்பட்டுவிட்டது. தலைவனிடம் அந்தப் பிலிமின் வெற்று டப்பா ஒன்று உண்டு. அதைத் திறந்து மோந்து பார்ப்பது அவன் வழிபாடு.

ஈண்டுத் தடை நிகழ்த்துவாள் தலைவி. "ஏங்க, எல்லாத்தையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட ஒரு கிலோ தேறாது" என்பது அவள் கூற்று. இத்தடை புதிதன்று. சென்னை அரசின் போட்டோகிராபராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, பத்தொன்பது அடிக்கு ஒட்டிக் காட்டியவர். 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவிலியன், இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று அந்த வேலைக்கே முடிவு கட்டினார். தலைவிக்கு டிரெவிலியனைத் தெரியாது. வாதம் மட்டும் பிசகாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

தலைவன் தரப்பு விடை: மும்பைப் பத்திரிகைப் போட்டோகிராபர் திலீஷ் பாரேக் 4,425 பழைய கேமராக்களோடு 2003இல் கின்னஸில் இடம்பெற்றார், என் வீட்டிலோ பரண் ஒன்றுதானே நிறைந்திருக்கிறது! இந்த விடை தலைவியிடம் செல்லுபடியாகவில்லை.

போரூர் ஏரிப்பக்கத்து ஈரம் லென்ஸில் பூஞ்சையாகப் படர்வதும், மெட்ரோ வேலைப் புழுதி அதன்மேல் படிவதும் பற்றி விரிப்பின் பெருகும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களுக்காகத் தெருவில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும் தலைவன் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்குகிறான் என்பதோடு அமைக.

புறனடை: ரோலில்லாக் கேமராவும் ஒரோவழி விலைக்குக் கேட்கப்படும். அண்மையில் கல்லூரிப் பையன் ஒருவன் கடைக்கு வந்து கிளிக் III-ஐக் கையிலெடுத்தான்.

"அங்கிள், இதுல எத்தனை போட்டோ எடுக்கலாம்?"

"பன்னிரண்டுப்பா."

"ஒரு நாளைக்கா?"

தலைவன் விற்க மறுத்துவிட்டான். அன்று மாலையே தலைவி அந்தப் பையனைத் தேடி டெப்போ வரை போய்வந்ததாகக் கேள்வி.