மூன்று கிகாஹெர்ட்ஸ் மாமா

சித்தூரில் தெருவுக்கு ஒரு மாமா இப்படி இருப்பார். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் இரண்டும் கிடையாது. டிகிரி, வோல்ட், மெகாஹெர்ட்ஸ்தான்.

வைத்திருப்பது 2007 ஜனவரியில் சந்தைக்கு வந்த இன்டெல் க்யூ6600 ப்ராசஸர். "புதுசு வாங்கிடலாமே மாமா" என்று வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள். "266-ஐ ஒன்பதால பெருக்கினா 2.4. பயாஸ்ல அதையே 333 ஆக்கினா மூணு கிகாஹெர்ட்ஸ்! இதுக்குக் காசு குடுத்தேனா?" என்பார். அந்த மூன்றை வைத்து என்ன செய்கிறார்? சூடு காட்டும் மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வேகம் கூடினால் சூடு கூடும். வோல்டேஜையும் கூட்டினால் அதன் வர்க்கத்துக்கு ஏறும். சித்தூர் மே மாதமோ சாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும். விசிறி எத்தனை வேகமாகச் சுற்றினாலும் அறைக் காற்றைத்தானே ஊத முடியும்? அறையைவிடக் குளிர வைக்க அதனால் ஆகாது. மாமாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. அதனால் கேபினட்டின் பக்கத் தகடு பரணுக்குப் போய்விட்டது. டேபிள் ஃபேன் ப்ராசஸரைப் பார்த்து நிற்கிறது. அத்தை முந்தானையால் விசிறிக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ப்ராசஸருக்குத் தெர்மல் பேஸ்ட் மாற்றும் நாள். காய்ந்த பழசைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு வைப்பார். ஹீட்சிங்கை இறக்கி நான்கு மூலைப் பின்களையும் குறுக்காக அழுத்துவார். மூன்று 'டக்' என்று உட்காரும். நாலாவதுக்காக மதர்போர்டே வளையும். அப்போது வீட்டில் யாரும் தும்மக்கூடாது.

"திருப்பதி போயிட்டு வரேன்" என்று கிளம்பினால் அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்வார். மாமா போவது பழைய பாகம் விற்கும் கடைக்கு. "கொத்ததி தீஸ்கோண்டி சார்" என்று, புதுசை வாங்கச் சொல்லிக் கடைக்காரர் கெஞ்சுவார். அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டாமா?

மாமாவின் யந்திரத்துக்கு உள்ள ஒரே பொதுச்சேவை, திருப்பதி கோயிலின் 300 ரூபாய் தரிசன டிக்கெட். ஆன்லைனில் விடும் அன்று காலையிலேயே 333-ஐ 400-க்கு ஏற்றி, 3.6-இல் காத்திருப்பார். வரிசை போடுவது தேவஸ்தானத்தின் சர்வர். வீட்டு ப்ராசஸர் தலைகீழாக நின்றாலும் ஒரு இடம்கூட முன்னால் நகராது. அது போகட்டும், இந்த வீட்டில் பிரச்சினை அதுவரைக்கும் போகவே போகாது. பத்தடிக்கும்போது நீலத்திரை வரும். மாமா குனிந்து சீமாஸ் பேட்டரியை நகத்தால் நெம்பிக்கொண்டிருப்பார்.

அடுப்படியிலிருந்து அத்தை போனோடு வருவார்.

"நாலு பேருக்கும் கெடைச்சிடுச்சுங்க."

மாமா போனை வாங்குவார். டிக்கெட்டைப் பார்க்கமாட்டார். திருப்பி, முதுகில் விரலை வைத்துப் பார்ப்பார்.

"38 இருக்கும். இதுக்கு ஃபேன்கூடக் கெடையாது, இல்ல?"